எரிபொருள் விற்பவரின் கணக்கில் விடுபடும் தொகை

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கம்பனிகள் காலநிலை மாற்றம் தொடர்பான விபரங்களையும் தமது ஆண்டறிக்கையில் வெளிப்படுத்த வேண்டும் என்று கூறும் புதிய நியமங்களை வரவேற்று, தங்கள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். உயர்தர வகுப்புகளில் நெடுங்காலம் கணக்கீடு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்த வரவேற்பில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால், வங்கிகளையும் விடுதிகளையும் தேயிலைக் கம்பனிகளையும் பற்றி விரிவாகப் பேசிய அந்தக் கட்டுரை, பெற்றோலையும் டீசலையும் நிலக்கரியையும் விற்பவர்கள் எந்தத் தொகையைக் காட்ட வேண்டும் என்பதைத் தொடவே இல்லை. இந்த விடயத்தில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவே என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலக நிதி உறுதிப்பாட்டுச் சபை, கம்பனிகள் காலநிலை பற்றி எதை வெளிப்படுத்த வேண்டும் என்பதை ஆராய, 2015 டிசம்பரில் நியூயோர்க் நகரின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பேர்க்கின் தலைமையில் ஒரு செயலணியை அமைத்தது. அச்செயலணி 2017 ஜூனில் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றை அடித்தளமாகக் கொண்டு, சர்வதேச நிலைபேறான தன்மை நியமங்கள் சபை 2023 ஜூனில் எஸ் 1, எஸ் 2 என இரு நியமங்களை வெளியிட்டது. இவற்றுள் எஸ் 2 முழுவதும் காலநிலை பற்றியது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு, கொழும்புப் பங்குச் சந்தையில் சந்தை மூலதனத்தால் முதல் 100 இடங்களில் உள்ள கம்பனிகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் அவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது. ஏனைய கம்பனிகள் கட்டம் கட்டமாகச் சேர்க்கப்படும்.

இந்த நியமம், புவியை வெப்பமாக்கும் வாயுக்களை ஒரு கம்பனி வெளியேற்றுவதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. கம்பனி தானே எரிப்பதால் வெளிவருவது முதலாம் வகை. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளிவருவது இரண்டாம் வகை. அதன் தொழிலுக்கு முன்னும் பின்னும், வேறொருவரின் கையில் நிகழ்பவை எல்லாம் மூன்றாம் வகை. விற்ற பொருளை வாங்கியவர் பயன்படுத்துவதால் வெளிவரும் வாயுவும் இந்த மூன்றாம் வகைக்குள்தான் அடங்கும். தளபாடம் விற்பவருக்கு இந்தக் கடைசி உருப்படி பெரிய விடயம் இல்லை. வாங்கியவர் கதிரையை எரிக்கப் போவதில்லை. பெற்றோலோ எரிப்பதற்கென்றே விற்கப்படுகிறது. எனவே எண்ணெய், எரிவாயுக் கம்பனிகளின் மொத்த வெளியேற்றத்தில் நூற்றுக்கு 80 முதல் 90 வரையான பங்கு இந்த மூன்றாம் வகையிலேயே இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் மின்குமிழ்களை மாற்றியதையும் தலைமை அலுவலகக் கூரையில் சூரிய மின்கலங்களைப் பொருத்தியதையும் வண்ணப் படங்களுடன் அச்சிட்டு, இந்தப் பங்கை மட்டும் விட்டுவிடும் ஓர் அறிக்கை, அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக இருந்தாலும், வாசகருக்கு எதையும் சொன்னதாகாது.

கம்பனிகள் இதற்குக் கூறும் மறுப்புகளில் இரண்டு பரிசீலிக்கத் தக்கவை. முதலாவது, மூன்றாம் வகையைத் திருத்தமாக அளக்க முடியாது என்பது. ஆடைத் தொழிற்சாலைக்கு இது பொருந்தும். பருத்தி எங்கே விளைந்தது, எந்தக் கப்பலில் வந்தது, வாங்கியவர் அதை எத்தனை முறை தோய்த்தார் என்றெல்லாம் தேடுவது உண்மையிலேயே கடினம். எரிபொருள் விற்பவருக்கோ இதைவிட இலகுவான கணக்கு வேறில்லை. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. பெற்றோலுக்கு அது ஏறத்தாழ 2.3 கிலோகிராம். (ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடையுள்ள டீசலிலிருந்து எப்படி 2.7 கிலோகிராம் வரும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் காபனுடன் சேர்வதால்தான் எடை கூடுகிறது.) நமது வீதிகளில் அன்றாடம் காணும் 13,200 லீற்றர் பவுசர் ஒன்று நிறைய டீசலுடன் வந்து எரிபொருள் நிரப்பு நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனால், அந்த ஒரு தடவையில் விற்கப்பட்டது ஏறத்தாழ 36 தொன் காபனீரொட்சைட்டு ஆகும். இதற்கு ஆய்வாளர் எவரும் தேவையில்லை. விற்ற லீற்றரின் எண்ணிக்கை கம்பனிக்கு ஏற்கெனவே தெரியும். அதை விலையால் பெருக்கித்தான் வருமானக் கூற்றின் முதல் உருப்படியே எழுதப்படுகிறது. விலையால் பெருக்கும்போது திருத்தமாக இருக்கும் எண்ணிக்கை, 2.7 ஆல் பெருக்கும்போது மட்டும் மதிப்பிட முடியாததாக மாறிவிடுவது எப்படி என்பதை எனக்கு எவரும் இதுவரை விளக்கியதில்லை.

இரண்டாவது மறுப்பு, ஒரே வாயு இருமுறை கணக்கிடப்படும் என்பது. லொறி உரிமையாளருக்கு முதலாம் வகையாக வருவது எண்ணெய்க் கம்பனிக்கு மூன்றாம் வகையாக வருகிறது என்பது உண்மையே. ஆனால் கடனுக்கு விற்றவரின் புத்தகத்தில் வருமதியாகவும் வாங்கியவரின் புத்தகத்தில் சென்மதியாகவும் ஒரே தொகை இருப்பதை எந்தக் கணக்காய்வாளரும் மோசடி என்று சொன்னதில்லை. எல்லாக் கம்பனிகளின் தொகைகளையும் ஒன்றாகக் கூட்டி நாட்டின் மொத்தத்தைக் காண முற்பட்டால்தான் தவறு நேரும். நாட்டின் மொத்தத்தைக் காண்பதற்குத் தேசியக் கணக்கெடுப்பு தனியாக இருக்கிறது. ஒரு கம்பனியின் தொழில் எந்த அளவுக்கு எரிபொருளில் தங்கியிருக்கிறது, நாளை எரிபொருளுக்கான கேள்வி குறைந்தால் அக்கம்பனியின் நிலை என்னவாகும் என்று முதலீட்டாளர் அறிவதற்கே கம்பனியின் வெளிப்படுத்தல் உதவுகிறது.

முதலீட்டாளருக்கு முக்கியமான ஒன்றில் இதே கம்பனிகள் எவ்வளவு கண்டிப்பாக நடத்தப்படுகின்றன என்பதற்கு ஷெல் கம்பனியின் 2004 ஆம் ஆண்டு விவகாரம் சான்றாக உள்ளது. நிலத்தடியில் தனக்குரியதாக உறுதிப்படுத்தப்பட்ட எண்ணெய், எரிவாயு இருப்பை அளவுக்கு மீறிக் காட்டியிருந்த அக்கம்பனி, அவ்வாண்டு ஜனவரியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை, அதாவது 390 கோடி பீப்பாய்களை, அந்த வகையிலிருந்து நீக்கியது. இரண்டு மாதங்களுக்குள் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அமெரிக்காவின் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 120 மில்லியன் டொலரும் பிரித்தானிய ஒழுங்குபடுத்துநர் 17 மில்லியன் பவுணும் தண்டமாக விதித்தனர். மண்ணுக்குள் எத்தனை பீப்பாய் இருக்கிறது என்பதைப் பிழையாகச் சொன்னால் தண்டம் உண்டு. அத்தனை பீப்பாயும் எரிந்தால் வானுக்கு எவ்வளவு போகும் என்பதைச் சொல்லாமலே விட்டால் எதுவும் இல்லை. அந்த இருப்பின் ஒரு பகுதியை ஒருபோதும் எரிக்க முடியாமற் போகலாம், அப்போது இன்று சொத்தாக எழுதப்பட்டிருப்பது பெறுமதி இழக்கும் என்று இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி 2015 செப்டெம்பரிலேயே காப்புறுதியாளர் கூட்டமொன்றில் எச்சரித்திருந்தார்.

தெரியாததால் சொல்லவில்லை என்ற சாக்கும் நெடுங்காலமாகச் செல்லுபடியாகவில்லை. அமெரிக்க எண்ணெய்க் கம்பனியான எக்ஸனின் (இன்றைய எக்ஸன்மோபில்) விஞ்ஞானி ஜேம்ஸ் பிளக், எரிபொருள் எரிப்பதால் புவி வெப்பமடையும் என்பதைத் தமது மேலதிகாரிகளுக்கு 1977 இலேயே எடுத்துரைத்தார். அக்கம்பனியின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த வெப்பநிலை எதிர்வுகூறல்களைப் பின்னர் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டு, 2023 ஜனவரியில் சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, அவற்றில் 63 முதல் 83 சதவீதம் வரை சரியாக அமைந்திருந்ததாகக் கண்டது. உள்ளே அவ்வளவு துல்லியமாகக் கணித்த கம்பனி, வெளியே பல ஆண்டுகளாக விஞ்ஞானம் இன்னும் தெளிவில்லை என்று பேசி வந்தது. நிலக்கரிக் கம்பனியான பீபொடி 2015 நவம்பரில் நியூயோர்க் சட்டமா அதிபருடன் ஓர் உடன்பாட்டுக்கு வர நேர்ந்ததும் இத்தகைய காரணத்தாலேயே. காலநிலைச் சட்டங்களின் விளைவை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்று பங்குதாரருக்கு எழுதிய அக்கம்பனியிடம், அத்தகைய கணிப்புகள் ஏற்கெனவே இருந்தன என்பதை விசாரணை வெளிப்படுத்தியது.

இருந்தும், நீதிமன்றத்தின் மூலம் இதைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடு குறைவு. எக்ஸன்மோபில், வாயு வெளியேற்றத்துக்காக எதிர்காலத்தில் ஏற்க நேரும் காபன் செலவைப் பற்றி வெளியில் ஒரு பெறுமானத்தையும் உள்ளே வேறொரு பெறுமானத்தையும் பயன்படுத்தி முதலீட்டாளரை ஏமாற்றியது என்று நியூயோர்க் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் கம்பனிக்குச் சார்பாகவே தீர்ப்பு வந்தது. காலநிலை மாற்றத்தில் கம்பனிக்குள்ள பொறுப்பிலிருந்து இத்தீர்ப்பு அதை விடுவிக்கவில்லை என்றும், தம் முன் இருந்தது பங்கு மோசடி பற்றிய வழக்கு மட்டுமே என்றும் நீதிபதி தெளிவாகக் குறிப்பிட்டார். ஆயினும் வழக்குத் தோற்றது தோற்றதே. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2024 மார்ச்சில் கொண்டுவந்த காலநிலை வெளிப்படுத்தல் விதியும், மூன்றாம் வகையை முற்றாக நீக்கிய பின்னரே நிறைவேறியது. வழக்குகளால் நிறுத்திவைக்கப்பட்ட அந்த மெலிந்த விதியையும் நீதிமன்றத்தில் தாங்கிப் பேசப்போவதில்லை என்று 2025 மார்ச்சில் ஆணைக்குழுவே ஒதுங்கிக்கொண்டது. வெளியேற்றத்தை இன்னும் வேகமாகக் குறைக்குமாறு கோரும் தீர்மானம் ஒன்றைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவர முயன்ற சிறு பங்குதாரர் குழுக்கள் இரண்டின் மீது எக்ஸன்மோபில் 2024 இல் வழக்கே தொடுத்தது. தீர்மானத்தை அவர்கள் மீளப் பெற்றுக்கொண்ட பின்னரும் வழக்கு சில மாதங்கள் நீடித்தது.

வெளிப்படுத்தினால் மட்டும் போதுமா என்றால் போதாது. பிபி கம்பனி தன் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030 இற்குள் 40 சதவீதம் குறைப்பதாக 2020 இல் அறிவித்து, 2023 இல் அதை 25 சதவீதமாக்கி, 2025 இல் அந்த இலக்கையே கைவிட்டது. ஷெல் கம்பனியோ விற்கும் ஒவ்வோர் அலகு சக்திக்குரிய காபன் அளவைக் குறைப்பதையே இலக்காக வைத்திருந்தது. இவ்வகை இலக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணெயைச் சிறிதும் குறைக்காமல் காற்றாலை மின்சாரத்தையும் சேர்த்து விற்றால் அலகுக்குரிய சராசரி இறங்கிவிடும், மொத்த வெளியேற்றம் அப்படியே இருக்கும். அந்த இலக்கைக்கூட அக்கம்பனி 2024 மார்ச்சில் தளர்த்தி, 2035 ஆம் ஆண்டுக்குரியதை நீக்கிவிட்டது. ஆயினும், முன்னர் எண்களை எழுதி வைத்திருந்ததால்தான் அவர்கள் பின்வாங்கியதை நாம் இன்று ஆண்டு குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறது. எழுதாமலே இருந்திருந்தால் இதுவும் வாய்ப்பேச்சாகப் போயிருக்கும். மொத்தத் தொகையைத்தான் கேட்க வேண்டும், சராசரியை வைத்து நிறைவடையக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

இனி நம் நாட்டின் நிலைக்கு வருகிறேன். புதிய நியமம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளிலிருந்தே தொடங்குகிறது. எரிபொருள் விற்பவர்களில் லங்கா ஐஓசி அப்பட்டியலில் உள்ளது. 1961 இல் தொடங்கப்பட்டு இன்றும் நாட்டின் பெரும்பகுதி எரிபொருளை விநியோகிக்கும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஓர் அரச கூட்டுத்தாபனம், பட்டியலில் இல்லை. 2023 இல் சில்லறை விற்பனைக்கு வந்த சினோபெக் கம்பனியின் இலங்கைக் கிளையும் கொழும்புச் சந்தையில் இல்லை. நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாற் நிலக்கரி மின் நிலையமும் அரசின் கையிலேயே இருக்கிறது. இதன் விளைவு விநோதமானது. கொழும்பில் உள்ள பட்டியலிடப்பட்ட விடுதி ஒன்று தன் மின்பிறப்பாக்கியில் எரித்த டீசலை லீற்றர் லீற்றராகக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். அந்த டீசலை விற்ற கூட்டுத்தாபனத்துக்கு அத்தகைய கடமை எதுவும் இல்லை. லங்கா ஐஓசி விடயத்திலும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் வகையை முதல் ஆண்டு அறிக்கையில் விட்டுவிடுவதற்குச் சர்வதேச நியமமே சலுகை அளித்துள்ளது. சலுகைக் காலம் முடிந்த பின்னர் வரும் அறிக்கையில் ‘விற்ற பொருட்களின் பயன்பாடு’ என்ற உருப்படி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சிறிய நாடு, உலக வெளியேற்றத்தில் நம் பங்கு மிகச் சொற்பம், கடனில் தத்தளித்துவந்த ஒரு கூட்டுத்தாபனத்தின் மேல் இன்னொரு சுமையா என்று சிலர் கேட்கலாம். ஓர் அட்டவணையைச் சேர்ப்பது சுமை ஆகாது. லீற்றர் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் ஏற்கெனவே பரிசோதிக்கிறது. இது மீனவர் மீதோ விவசாயி மீதோ பழி போடும் முயற்சியும் இல்லை. குருநகரில் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வாங்குபவருக்கும் உரும்பிராயில் வெங்காயத்துக்கு நீர் இறைப்பவருக்கும் இன்று வேறு வழி இல்லை. அவர்கள் பாவிக்கும் எரிபொருளின் கணக்கை அவர்களிடம் கேளாமல், விற்பவரிடம் கேட்பதே நான் சொல்லும் முறையின் பயன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்கி, இரண்டு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து ஓடிய நமக்கு எரிபொருள் கணக்கு புதிதும் அன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஏன் இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டும் என்ற கேள்விக்குச் சுன்னாகத்தைக் காட்டலாம். அங்குள்ள மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை மாசாக்கிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது அதன் வெடிப்புகள் வழியே நீருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆறு இல்லாத நமக்கு நன்னீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தே கிடைக்கிறது. அது காபனீரொட்சைட்டு விடயம் இல்லை என்பதை அறிவேன். ஆனால், எரிபொருளைக் கையாளும் ஒரு நிறுவனம் எதை எங்கே வெளியேற்றுகிறது என்பதை ஊர் மக்கள் வாளியில் மிதந்த எண்ணெயைப் பார்த்துத்தான் அறிந்தார்கள். ஆண்டறிக்கை வாசித்து அறிந்த ஒருவரை நான் சந்தித்ததில்லை. காபனீரொட்சைட்டோ வாளியிலும் மிதக்காது, மணக்கவும் மாட்டாது. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2025 நவம்பரில் டித்வா என்று புயல்கள் வந்து போன பின்னர் அதன் அளவை எவரும் கிணற்றில் பார்த்து அறிய முடியாது. எழுத்தில் தந்தால்தான் உண்டு.

புலம்பெயர்ந்த நம் உறவுகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் கனடாவிலும் வேலை செய்வோரின் ஓய்வூதிய நிதிகள் உலகப் பங்குச் சந்தைகளில் முதலிடப்பட்டுள்ளன. இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதியச் சபை, எண்ணெய்க் கம்பனிகளின் திட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்த பின்னர், 2023 இல் ஷெல் உள்ளிட்டவற்றிலிருந்து வெளியேறத் தீர்மானித்தது. கம்பனிகள் எழுத்தில் தந்த எண்கள் இல்லாவிட்டால் அத்தகைய பரிசோதனைக்கு இடமே இருந்திராது. உங்கள் நிதி எங்கே இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை கேட்டு எழுதுங்கள் என்று அவர்களிடம் சொல்வதில் தவறில்லை.

எனவே, பொறுப்பானவர்களிடம் பின்வருவனவற்றைக் கோருகிறேன். அரச கூட்டுத்தாபனங்களின் ஆண்டறிக்கைகள் பாராளுமன்றத்தில் மும்மொழிகளிலும் சமர்ப்பிக்கப்படுகின்றன. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் அறிக்கையில், அவ்வாண்டு விற்ற பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், உலை எண்ணெய் ஆகிய ஒவ்வொன்றின் லீற்றரும் அவை எரிந்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டின் தொன் அளவும் ஒரே அட்டவணையில், தமிழ்ப் பிரதியிலும் இடம்பெற வேண்டும். நுரைச்சோலைக்கு இதே முறையில் நிலக்கரித் தொன் அளவு காட்டப்பட வேண்டும். எரிபொருள் விற்பனைக்கு அனுமதிப்பத்திரம் பெறும் தனியார் கம்பனிகளுக்கு, பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் எரிவாயு கண்டறியப்பட்டு, கண்டறிந்த கம்பனி பின்னர் விலகியதைப் பலர் மறந்திருக்கலாம். அங்கே மீண்டும் எவருக்காவது உரிமம் வழங்கப்படுமானால், வெளிப்படுத்தலுக்குரிய விதிகள் உரிமத்தோடேயே எழுதப்பட வேண்டும். முக்கியமாக, கசிந்து போகும் மெதேனை மதிப்பீட்டுச் சூத்திரத்தால் நிரப்பாமல் கருவிகொண்டு அளந்து காட்ட வேண்டும். 20 ஆண்டுக் காலத்தில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. துளையிடத் தொடங்கிய பிறகு விதி எழுதப் போனால், பேசாலை மீனவர்களுக்கும் சுன்னாகத்துக் கதிதான்.

நியமம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் யாழ்ப்பாண மாவட்டத்தில் கடந்த ஆண்டு விற்கப்பட்ட எரிபொருளின் அளவை வகை வாரியாகக் கேட்டு இவ்வாரம் விண்ணப்பம் அனுப்புகிறேன். பதில் கிடைத்தால் அதன் பிரதியைத் தங்களுக்கும் அனுப்பிவைப்பேன். பெருக்கல் வேலையை வணிகப் பக்கக் கட்டுரையாளர் செய்து வெளியிடுவாரானால் மகிழ்வேன். பதில் கிடைக்காவிட்டால், அதையும் விண்ணப்பத் திகதியோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கீட்டு ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.